பழஞ் சக்கரம் வாங்குமுன் அளவறிதல்

விளைந்த நெல்லைக் களத்திலிருந்து கொள்முதல் நிலையத்திற்குக் கொண்டு சேர்க்கும் வரையில் விவசாயியின் வேலை முடிந்ததாகாது. முற்காலத்தில் இவ்வேலைக்குக் கட்டை வண்டியும் ஒரு ஜோடி எருதுகளும் போதியனவாயிருந்தன. இக்காலத்திலோ காஞ்சிபுரம், வாலாஜாபாத், உத்திரமேரூர் தாலுகாக்களில் ஓரளவு நிலமுடையோர் பலர் ஜீப்பு வண்டியோ, பிக்கப் என வழங்கும் சிறு சுமை வண்டியோ வைத்திருக்கின்றனர். விதை, உரம், மாட்டுத் தீவனம், கரும்புக் கரணை, வேர்க்கடலை மூட்டை ஆகிய யாவும் இவ்வண்டியிலேயே செல்கின்றன. ஆதலின் இவ்வண்டியின் சக்கரமும் இன்று ஏர், கலப்பையைப் போல ஒரு பண்ணைச் சாதனமேயாகும். அதனைத் தேர்ந்து வாங்கும் முறையை நிலச் சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் நலம்.

பழஞ் சக்கரம் நாடப்படுவதன் காரணம்

ஏரி மதகடி, பாலாற்று மணற்பாங்கு, வரப்பையொட்டிய கரடுமுரடான வழி ஆகியவற்றில் ஓடும் வண்டியின் சக்கரத் தட்டு விளிம்பில் நசுங்குவதும், சேற்று நீரால் துருப்பிடிப்பதும் இயல்பு. அவ்வாறு கெட்ட சக்கரத்திற்குப் பதிலாகப் புதியது வாங்கின் கிரயம் மிகுதியாகிறது. சில பழைய மாதிரி வண்டிகளுக்குப் புதிய சக்கரம் கிடைப்பதும் அரிது. ஆகவே நம்மவர் 75 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்குச் சென்று, புதுப்பேட்டையில் பழைய மோட்டார் உறுப்புகள் விற்கும் கடைத்தெருவைச் சுற்றி வருகின்றனர். ஏலத்தில் விடப்பட்ட இராணுவ வண்டிகள், விபத்திற் சிக்கிய வண்டிகள், ஆயுள் முடிந்து பிரிக்கப்பட்ட வண்டிகள் ஆகியவற்றின் சக்கரங்கள் இத்தகைய கடைகளுக்கு வருகின்றன. நல்ல சரக்காயின் புதியதன் விலையில் ஒரு பகுதிக்கே கிடைத்துவிடும்.

இப்படி வாங்குவது தவறென்பது எம் கருத்தன்று. சிக்கனம் குடித்தனத்திற்கு அழகேயாம். ஆனால் கண்ணளவை நம்பி வாங்குவதே கேடு. காஞ்சியில் பட்டு நெய்வோர் ஓர் எண் அச்சுக்குரிய பாவை மற்றோர் எண் அச்சில் ஏற்ற மாட்டார். ஏற்றினாற் சேலையின் நெருக்கமும் அகலமும் கெடும் என்பதை அறிவர். தறியிற் கெடுவது ஒரு சேலையே. சக்கரம் பொருந்தாவிடினோ மூட்டையும், வண்டியும், சில சமயம் உயிரும் கெடுகின்றன.

கண்டறிந்த ஓர் உதாரணம்

உத்திரமேரூர்த் தாலுகாவில் ஒரு விவசாயி சம்பா அறுவடைக்கு முன் தம் சுமை வண்டிக்காக ஒரு வியாபாரியிடம் நான்கு பழஞ் சக்கரங்கள் வாங்கினார். வண்டியின் ஹப்பில் ஐந்து போல்ட்டுகள். சக்கரத்திலும் ஐந்து துளைகள். இவ்வொன்றே அவருக்குப் போதுமானதாகத் தோன்றிற்று. ஊர் வந்து மாட்டிப் பார்த்தபொழுது போல்ட்டுகள் துளைகளில் நேராக நுழையவில்லை. சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது. சக்கரத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ள வியாபாரி இசையவில்லை. பட்டறையில் துளைகளை அராவி நீளமாக்கி, நட்டுகளை முறுக்கிப் பூட்டிக் கொடுத்தனர்.

ஏறக்குறைய மூன்று வாரம் வண்டி ஓடிற்று. ஒரு நாள் மாலை 40 கிலோ நெல் மூட்டைகளை நிரப்பிக் கொண்டு கொள்முதல் நிலையத்திற்குச் செல்லும் வழியில், இடப்பக்கத்துப் பின் சக்கரத்தின் இரண்டு போல்ட்டுகள் முறிந்து, எஞ்சியவை வளைந்து, சக்கரம் கழன்றது. வண்டி வரப்போரம் சாய்ந்தமையால் உயிர்ச்சேதம் இல்லை. அன்றிரவு பெய்த தூறலில் மூட்டைகள் நனைந்தன. நெல்லின் ஈரம் கொள்முதலுக்குரிய 17 சதவீத வரம்பிற்கு மேற்பட்டதாகக் கண்டு, மீண்டும் களத்திற்குக் கொண்டுபோய் உலர்த்த நேர்ந்தது. ஹப்பு, பிரேக் டிரம், போல்ட்டுகள், இழுவைக் கூலி, உலர்த்தும் ஆட்கூலி ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால், பழஞ் சக்கரத்தால் மிச்சமானதென்று எண்ணிய தொகையைப்போல் இரு மடங்கிற்கு மேல் செலவாயிற்று. அவர் கைவசம் ஓர் அளவுகோலும் அரை மணி நேரப் பொறுமையும் இருந்திருப்பின் இவ்வளவும் நேர்ந்திராது.

முதலாவது: துளைகளின் எண்ணிக்கையும் வட்டமும்

துளைகளின் நடு மையங்கள் யாவும் ஒரு வட்டத்தின்மீது அமைந்திருக்கும். எண்ணிக்கை ஒத்திருந்தால் மட்டும் போதாது. அவ்வட்டத்தின் குறுக்களவும் ஒத்திருத்தல் வேண்டும்.

1941-ஆம் வருஷம் அமெரிக்காவில் படைக்கெனச் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பிற்கு ஐந்து துளைகள்; வட்டம் 139.7 மில்லிமீட்டர், அதாவது ஐந்தரை அங்குலம். இந்த ஜீப்பையே 1947 முதல் மகீந்திரா கம்பெனியார் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கினர். மாருதி ஜிப்சிக்கும் அதே ஐந்து துளைகள், அதே ஐந்தரை அங்குல வட்டம். பழைய லேண்ட் ரோவருக்கும் ஐந்து துளைகளே. ஆயினும் வட்டம் 165.1 மில்லிமீட்டர், அதாவது ஆறரை அங்குலம். டொயோட்டா கம்பெனியின் ஹைலக்ஸ் வண்டிக்கு வட்டம் ஐந்தரை அங்குலமே எனினும் துளைகள் ஆறு. அக்கம்பெனியாரின் இன்னோவாவிற்கோ ஐந்து துளைகள், வட்டம் 114.3 மில்லிமீட்டர். ஆகவே எண்ணிக்கை ஒத்து வட்டம் மாறுவதும், வட்டம் ஒத்து எண்ணிக்கை மாறுவதும் உண்டு. எல்லாவற்றிலும் அபாயமானது சிறு வித்தியாசமே. 112 மில்லிமீட்டர் வட்டமும் 114.3 மில்லிமீட்டர் வட்டமும் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும். பெரிய வித்தியாசம் கடையிலேயே வெளிப்பட்டுவிடும். சிறு வித்தியாசமோ வீட்டிற்கு வந்து, அராவி, பூட்டி, சாலையிற் சென்ற பிறகே வெளிப்படும்.

அளக்கும் முறை வருமாறு. நான்கு அல்லது ஆறு துளைகளாயின், எதிரெதிரான இரு துளைகளின் மையத்திலிருந்து மையம் வரை அளந்தால் அதுவே வட்டத்தின் குறுக்களவு. ஐந்து துளைகளுக்கு எதிர்த் துளை இராது. ஆதலின் அடுத்தடுத்த இரு துளைகளின் மைய இடைவெளியை அளந்து 1.7 ஆற் பெருக்குக. மையத்தைக் கண்டுபிடிப்பது கடினமாயின், ஒரு துளையின் இட விளிம்பிலிருந்து அடுத்ததன் இட விளிம்பு வரை நேர்க்கோட்டில் அளந்தாலும் அதே அளவு வரும். இடைவெளி 82 மில்லிமீட்டராயின் வட்டம் ஐந்தரை அங்குலம்; 97 ஆயின் ஆறரை அங்குலம்; 67 ஆயின் 114.3 மில்லிமீட்டர்; 66-க்குச் சற்றுக் குறைந்தால் 112 மில்லிமீட்டர்.

இதனினும் எளிய வழி ஒன்றுண்டு. வண்டியின் சக்கரத்தைக் கழற்றி, ஒரு கெட்டி அட்டையை ஹப்பின்மீது அழுத்திப் போல்ட்டுகளின் தடத்தைப் பதிவு செய்து துளையிடுக. நடு ஹப்பிற்குரிய வட்டத்தையும் வெட்டிக் கொள்க. இந்த அட்டைப் படியைக் கையிற் கொண்டு கடைக்குச் சென்று சக்கரத்தின்மேல் வைத்துப் பார்த்தாற் கணக்கு அறியாதவரும் உண்மையை அறியலாம்.

இரண்டாவது: நடுத் துளை

சக்கரத்தின் நடுத் துளை ஹப்பின் கழுத்தைவிடச் சிறியதாயின் சக்கரம் முகத்தோடு படியாது. பெரியதாயின் எளிதில் நுழையும். ஆயினும் பல வண்டிகளில் சக்கரத்தை நடுவில் நிறுத்துவது ஹப்பின் கழுத்தே. அக்கழுத்து தளர்ந்திருந்தால் சக்கரம் சற்று ஒதுங்கிப் பூட்டப்பட்டு, வேகத்தில் ஸ்டியரிங்கு நடுங்கும். சுமை முழுவதும் போல்ட்டுகளின்மீது விழும். கோயில் தேரின் சக்கரத்தில் அச்சு நுழையும் துளை தேய்ந்தால் தேர் ஆடுவதை நாம் கண்டிருக்கின்றோம். திருவாரூர்ப் பெருந்தேருக்குத் திருச்சிராப்பள்ளி பெல் தொழிற்சாலையார் இரும்புச் சக்கரமும் அச்சும் செய்தளித்தபொழுது இரண்டையும் ஒன்றற்கொன்று பொருந்துவனவாகவே செய்தனர். மெல்ல நகரும் தேருக்கே இது வேண்டுமாயின், எண் 48 தேசிய நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

மூன்றாவது: சக்கரம் உள்வாங்குதலும் வெளித்தள்ளுதலும்

துளைகள் பொருந்தியபின்னும் ஒரு சோதனை உண்டு. ஹப்பில் படியும் தட்டு, ரிம்மின் அகலத்தில் எவ்விடத்தில் அமைந்துள்ளது என்பது வண்டிக்கு வண்டி மாறும். தட்டு வெளிப்புறமாக அமைந்திருப்பின் சக்கரம் வண்டிக்குள் ஒடுங்கும். அப்பொழுது டயர் ஸ்பிரிங் பட்டையிலோ, பிரேக் எண்ணெய்க் குழாயிலோ உராயும். குழாய் தேய்ந்து அறுந்தால் பிரேக் முற்றிலும் செயலற்றுவிடும். தட்டு உட்புறமாக அமைந்திருப்பின் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். பேரிங்கின்மீது மிகு பாரம் விழுந்து அது விரைவில் தேயும். சக்கரம் சேற்றை வாரி வீசும். திருப்பும்பொழுது மட்கார்டில் இடிக்கும்.

இதனை அறிய, சக்கரத்தின் வெளிமுகம் கீழே இருக்குமாறு சமதரையிற் கிடத்தி, மேலே உள்ள ரிம்மின் விளிம்பிற்குக் குறுக்கே ஒரு நேரான சட்டத்தை வைக்க. சட்டத்திலிருந்து ஹப்பிற் படியும் தட்டின் முகம் வரை ஆழத்தை அளக்க. உம்முடைய பழைய சக்கரத்தையும் இவ்வாறே அளந்து ஒப்பிடுக. வாங்கக் கருதும் சக்கரத்தின் ஆழம் 20 மில்லிமீட்டர் மிகுதியாயின், அதன் உள்விளிம்பு அவ்வளவுக்கு ஸ்பிரிங்கை நெருங்கும் என்று கொள்க. ரிம்மின் அகலத்தையும் உடன் குறித்துக் கொள்ளல் வேண்டும்.

நான்காவது: டயரின் எண்களும் பாரமும்

டயரின் பக்கத்தில் 215/75 ஆர் 15 என்றிருப்பின், டயரின் அகலம் 215 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அவ்வகலத்தில் 75 சதவீதம். அது ஏறும் ரிம்மின் குறுக்களவு 15 அங்குலம். 15 அங்குல டயரை 16 அங்குல ரிம்மில் ஏற்றலாகாது. 14 அங்குல ரிம்மாயின் பெரிய பிரேக் டிரம்மைச் சூழ இடமிராமற் போகலாம்.

மேற்சொன்ன டயரின் முழு உயரம் ஏறக்குறைய 703 மில்லிமீட்டர். அதற்குப் பதிலாக 205/65 ஆர் 15 டயரை மாட்டினால் உயரம் 647 மில்லிமீட்டராகக் குறையும். அச்சு 28 மில்லிமீட்டர் தாழும். வரப்பிலும் கல்லிலும் அடிப்பாகம் இடிக்கும். வேகமானி 60 என்று காட்டும்பொழுது வண்டி உண்மையில் 55 கிலோமீட்டர் வேகத்திலேயே செல்லும். நான்கு சக்கரங்களையும் இயந்திரம் இழுக்கும் ஜீப்பில் முன்னிரண்டு ஒரு உயரமும் பின்னிரண்டு வேறு உயரமுமாக இருந்தால், கெட்டித் தரையில் அவ்விழுவையைப் பூட்டி ஓட்டுங்கால் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று எதிர்த்து விரைவில் தேயும்.

பாரம் இன்னும் முக்கியமானது. டயரின் மேல் அளவை அடுத்து ஒரு பார எண் பொறிக்கப்பட்டிருக்கும். 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பதற்கும், 104 என்பது 900 கிலோ தாங்கும் என்பதற்கும் குறியாம். நெல் ஏற்றிய வண்டியின் பின் அச்சில் 1,800 கிலோ விழுவதாக வைத்துக் கொள்வோம். ஒவ்வொரு டயருக்கும் 900 கிலோ. அதில் 91 எண்ணுள்ள கார் டயரை மாட்டினால் ஒவ்வொன்றின்மீதும் 285 கிலோ மிகைப் பாரம் ஏறுகிறது. இத்தகைய டயர் வெயிற்காலத்தில் சூடேறி வெடிப்பதில் வியப்பில்லை. கார் சக்கரத்தின் தட்டும் அப்படியே; அது குடும்பத்தைச் சுமக்கச் செய்யப்பட்டது, மூட்டைகளைச் சுமக்கச் செய்யப்பட்டதன்று.

விவசாயிகள் தனித்துக் கவனிக்க வேண்டியது ஒன்று உளது. பழைய ஜீப்பின் டயர் அளவு 6.00–16. பல டிராக்டர்களின் முன் டயரும் அதே 6.00–16. அளவு ஒன்றாயிருப்பதைக் கண்டு, கொட்டகையிற் கிடக்கும் டிராக்டர் டயரை ஜீப்பிற்கு மாற்றுவாரும் உளர். டிராக்டர் டயரில் பொறித்துள்ள ஏ6 என்ற குறி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தையும், ஏ8 என்பது 40 கிலோமீட்டரையும் எல்லையாகக் காட்டும். அது வயலில் நேராகச் செல்வதற்கென வரிவரியாக அமைந்தது. நெடுஞ்சாலை வேகத்திற்கு உரியதன்று. எண் ஒன்றாயிருப்பினும் தொழில் வேறு என்பதை மறத்தலாகாது.

ஐந்தாவது: போல்ட்டும் நட்டும்

நட்டின் அடிப்பாகம் சிலவற்றிற் கூம்பாகவும், சிலவற்றில் உருண்டையாகவும், சிலவற்றில் தட்டையாகவும் இருக்கும். சக்கரத் துளையின் வாயும் அதே வடிவினதாக இருத்தல் வேண்டும். கூம்பு நட்டைத் தட்டைத் துளையில் முறுக்கினால் விளிம்பு மட்டுமே படிந்து, சில நாளில் தளரும். மறையின் நெருக்கமும் ஒத்திருக்க வேண்டும். கையால் சுற்றும்பொழுதே நட்டு முழுதும் ஏறாவிடின் அது அந்தப் போல்ட்டிற்கு உரியதன்று. பழைய வில்லிஸ் ஜீப்புகளில் இடப்பக்கத்துச் சக்கரங்களுக்கு இடஞ்சுழி மறை உண்டு. இதை அறியாமல் பலங்கொண்ட மட்டும் வலப்பக்க வழக்கப்படி திருகிப் போல்ட்டை முறித்தவர் பலர்.

ஆறாவது: பழுது காணல்

சக்கரத்தைத் தொங்கவிட்டு மரச் சுத்தியால் தட்டுக. நல்ல இரும்பு மணிபோல் ஒலிக்கும். விரிசலுற்றது மந்தமாக ஒலிக்கும். துளைகள் முட்டை வடிவாக நீண்டிருத்தல், துளையைச் சூழ முடியளவான வெடிப்பு, ரிம்மின் உள்விளிம்பில் துரு அரிப்பு, பற்றவைத்த தடம் ஆகியவற்றுள் ஒன்று காணினும் அதனை விடுத்தல் வேண்டும். புதிய வர்ணம் பூசிய சக்கரத்தை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். வர்ணம் பல குற்றங்களை மறைக்கும். கடையிலேயே ஒரு ஹப்பில் மாட்டிச் சுழற்றி, விளிம்பருகே ஒரு சுண்ணாம்புக் கட்டியை அசையாமற் பிடித்தால், கோணலான இடம் தானே குறிபடும்.

டயரோடு வாங்குவதாயின், அதன் பக்கத்திலுள்ள நான்கு இலக்கத்தைப் பார்க்க. 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் வருஷத்து 23-ஆவது வாரத்திற் செய்யப்பட்டது. காடி ஆழமாயிருந்தும் வருஷம் பலவானால் ரப்பர் வறண்டு வெடித்திருக்கும். காடியின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயருடன் இத்தகைய வண்டியை ஓட்டுவது மத்திய மோட்டார் வாகன விதிகளுக்கு மாறானது.

செய்யலாகாதவை

பொருந்தாத சக்கரத்தைப் பொருத்துவதற்குப் பட்டறைகளிற் பல உபாயங்கள் கூறுவர். துளைகளை அராவி நீட்டுதல், பழைய துளைகளைப் பற்றவைத்து அடைத்து வேறு துளையிடுதல், நடுத் துளையைக் கடைதல், தட்டிற்கும் ஹப்பிற்கும் இடையே வட்டத் தகடு செருகுதல் என்பன அவை. இரும்பைச் சூடேற்றிப் பற்றவைத்தால் அவ்விடத்தின் உறுதி மாறுகிறது. தகடு செருகினால் நட்டுப் பிடிக்கும் மறையின் நீளம் குறைகிறது. இவை யாவும் சுமை வண்டிக்கு ஆகாதவை. மேலும் 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழிற் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் வகுத்ததினின்றும் மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. விபத்து நேர்ந்தால் இன்ஷ்யூரன்ஸ் தொகை பெறுவதிலும் தகராறு விளையக்கூடும்.

வாங்கும் முறையும் மாட்டும் முறையும்

முதலில் நான்கையும் வாங்காது ஒன்றை மட்டும் வாங்கி மாட்டிப் பார்ப்பது உத்தமம். சீட்டில் துளைகளின் எண்ணிக்கை, வட்டம், ரிம் அளவு ஆகியவற்றை எழுதுவித்து, பொருந்தாவிடின் இத்தனை நாளுக்குள் திருப்பி எடுத்துக்கொள்வதாக ஒரு வரியும் பெறுக. அவ்வாறு எழுதித் தர மறுப்பவரிடம் விலை எவ்வளவு மலிவாயினும் வாங்க வேண்டாம்.

மாட்டும்பொழுது ஹப்பின் முகத்திலுள்ள துருவையும் சேற்றையும் சுரண்டுக. நட்டுகளை வரிசையாக முறுக்காது, ஒன்று விட்டு ஒன்றாக, ஐந்து முனை நட்சத்திரம் வரைவதுபோல் முறுக்குக. ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசி வரை திருப்பி, வண்டியிற் சுமையேற்றிய பின்னும் டயருக்கும் பிற பாகங்களுக்கும் ஒரு விரலிடையேனும் இருப்பதை உறுதி செய்க. ஏறக்குறைய 50 கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்த்தல் அவசியம். ஸ்டெப்னி என்னும் உபரிச் சக்கரமும் இதே அளவினதாயிருத்தல் வேண்டும். இன்றேல் நடுவழியில் அது பயன்படாது.

கிராம அதிகாரிகளுக்கு

ஊராட்சித் தலைவர்களும், கிராம நிர்வாக அலுவலர்களும், கூட்டுறவுச் சங்கச் செயலாளர்களும் இவ்விஷயத்தில் ஓர் எளிய உதவி புரியலாம். ஊரில் வழங்கும் வண்டி மாதிரிகள் பெரும்பாலும் நான்கைந்திற்கு மேற்படா. ஒவ்வொன்றிற்கும் ஓர் அட்டைப் படியும், மேற்கண்ட அளவுகள் எழுதிய ஒரு தாளும் சங்கக் கட்டிடத்தில் வைத்திருந்தால், சந்தைக்குச் செல்வோர் அதனை எடுத்துச் சென்று திருப்பித் தரலாம். செலவு சில ரூபாய்க்கு மேற்படாது. அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகளின்மேல் ஆட்களை ஏற்றிச் செல்லும் வழக்கத்தையும் அவர்கள் கண்டித்தல் வேண்டும். சக்கரம் கழன்றால் முதலில் வீழ்வோர் அவர்களேயாவர்.

சுருக்கமாகக் கூறின், துளைகளின் எண்ணிக்கை, வட்டத்தின் குறுக்களவு, நடுத் துளை, தட்டின் ஆழம், ரிம் அளவு, டயரின் பார எண், நட்டின் வடிவு ஆகிய ஏழும் ஒத்திருந்தால் பழஞ் சக்கரமும் புதியது போல உழைக்கும். ஏழில் ஒன்று மாறினும் இனாமாகக் கிடைத்தாலும் அது வேண்டா. சொர்ணவாரி நெல்லோ சம்பா நெல்லோ, பல மாத உழைப்பின் பலன் ஐந்து போல்ட்டுகளை நம்பியே சாலையிற் செல்கிறது. அறுவடை தொடங்குமுன் ஓய்வான ஒரு நாளில் வண்டியை ஜாக்கியில் ஏற்றி இவ்வளவுகளை எடுத்து, வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் குறித்து வைப்பீர்களாக.